தண்ணியும் காத்தும் ஓடுறதுக்கு ஒரு டாக்டர் பட்டமா?

பினாங்கிலிருந்து வந்து கோலாலம்பூரில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கடைசி ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மேற்படிப்புக்கு இரண்டு தலைப்பு இருக்கு அண்ணே. ஒன்னு, வெறும் தண்ணீர் ஓட்டத்துல டர்புலன்ஸ், அதாவது கொந்தளிப்பு. இன்னொன்னு, வாயுவும் திரவமும் ஒரே குழாயில சேர்ந்து ஓடுற டூ-ஃபேஸ் ஓட்டம். நூறு வருசமா ஆராய்ஞ்சும் தீரலைங்கிறாங்க. கம்ப்யூட்டரே இப்ப எல்லாத்தையும் போட்டுடுதுன்னும் சொல்றாங்க. எது உண்மை? பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில வேலை செய்யிற அப்பா, 'தண்ணியும் காத்தும் ஓடுறதுக்கு ஒரு டாக்டர் பட்டமா'ன்னு சிரிக்கிறார்."

தம்பி, அப்பா சிரிப்பதில் தப்பே இல்லை. நானும் இருபது வருடத்துக்கு மேலாகக் கடலடிக் குழாய்களில் எண்ணெயும் எரிவாயுவும் எப்படி ஓடும் என்று கணக்குப் போட்டுத்தான் சம்பளம் வாங்கினேன். "என்ன வேலை?" என்று கேட்கும் உறவினர்களுக்கு இன்றுவரை ஒழுங்காகச் சொல்லி முடித்ததில்லை. இங்கே கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு மாமாக் கடையில் போய் உட்காருங்கள். பிரிக்பீல்ட்ஸில் நான் வழக்கமாகப் போகும் கடையில் தே தாரிக் ஆற்றுபவர் ஒரு மக்கைத் தலைக்கு மேல் தூக்கி, இன்னொன்றை இடுப்புக்குக் கீழே இறக்குவார். மேல் மக்கின் விளிம்பை விட்டு இறங்கும் தேநீர் முதல் ஒரு சாணுக்குக் கண்ணாடிக் கம்பி போல இருக்கும். அதற்குக் கீழே மேனியில் சுருக்கம் விழும். இன்னும் கீழே முறுக்கிய கயிறு போல ஆகி, ஓரத்தில் பொட்டுப் பொட்டாகத் துளி பிரியும். ஒரு மீட்டர் விழுந்தால் வேகம் நொடிக்கு 4.4 மீட்டர். அந்த வேகத்தில் கீழ் மக்கில் குத்தும்போது, தாரையின் சுருக்கங்களில் ஒட்டிக்கொண்டு வந்த காற்றும் சேர்ந்து உள்ளே இழுபடும். உள்ளே போன காற்றுப் பையைக் கீழே சுழலும் தேநீர் கிழித்துச் சின்னக் குமிழிகளாக்கும். டின் பாலில் இருக்கும் புரதம் அந்தக் குமிழிகளின் மேல் போர்வை போலப் படிந்து, உடையாமல் காக்கும். நுரை நிற்பது அதனால்.

இதில் ஒரு விசயத்தைக் கவனியுங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே விழுந்தால் காற்று உள்ளே போகவே போகாது. தாரை வழவழப்பாக வந்தால் அந்த எல்லை வேகம் அதிகம். கொந்தளித்து வந்தால் குறைவு. அதாவது உள்ளே எவ்வளவு காற்று போகும் என்பதைத் தாரைக்குள் இருக்கும் டர்புலன்ஸ் தீர்மானிக்கிறது. போன காற்று குமிழிகளாகி, அந்த டர்புலன்ஸையே திருப்பி மாற்றுகிறது. உங்கள் இரண்டு தலைப்பும் ஒரே மக்கில்தான் இருக்கின்றன.

டர்புலன்ஸ் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், நீங்கள் படித்திருப்பீர்கள். 1883இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் ஓடும் தண்ணீருக்குள் ஒரு சாய இழையை விட்டுப் பார்த்தார். மெதுவாக ஓடினால் இழை நூல் பிடித்தாற்போல் போனது; வேகம் கூட்டினால் கலங்கிப் பரவியது. வேகம், விட்டம், பாகுத்தன்மை மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்கினால் (அதற்குப் பெயர்தான் ரெனால்ட்ஸ் எண்) அந்த மாற்றம் சுமார் 2,000-ஐ ஒட்டி நடக்கிறது. நம் ஊர் வெதுவெதுப்பான தண்ணீர் 15 மில்லிமீட்டர் குழாயில் நொடிக்கு ஒரு மீட்டர் ஓடினால் அந்த எண் 18,000-ஐத் தாண்டிவிடும். வீட்டில் குழாயைத் திறந்தாலே டர்புலன்ஸ்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1941இல் கணிதவியலாளர் கோல்மோகொரோவ் சொன்னது: பெரிய சுழல் தன் ஆற்றலைச் சின்னச் சுழலுக்குக் கொடுக்கும், அது இன்னும் சின்னதுக்குக் கொடுக்கும், கடைசியில் பாகுத்தன்மை அதை வெப்பமாகத் தின்றுவிடும். நடுவில் இருக்கும் சுழல்களுக்கு ஆற்றல் எப்படிப் பங்காகிறது என்பதை வரைபடமாகப் போட்டால் −5/3 என்ற சரிவு. ஆற்றிலும் காற்றிலும் கடலிலும் அளந்து பார்த்தார்கள், ஏறக்குறைய பொருந்தியது. ஆனால் இந்த ஓட்டத்துக்கெல்லாம் அடியில் இருக்கும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டுக்கு எப்போதும் ஒழுங்கான தீர்வு உண்டா என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. நிரூபித்தாலோ மறுத்துக் காட்டினாலோ கிளே கணிதக் கழகம் 10 லட்சம் அமெரிக்க டாலர் தருவதாக 2000ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. பணம் இன்னும் அப்படியே இருக்கிறது.

கம்ப்யூட்டர் கதைக்கு வருவோம். 1987இல் கிம், மொயின், மோசர் மூவரும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஓடும் டர்புலன்ஸை எந்த ஊகமும் இல்லாமல் நேரடியாகக் கணக்குப் போட்டார்கள். ஓட்டம் நடக்கும் இடத்தைச் சுமார் 40 லட்சம் புள்ளிகளாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்போது அது பெரிய சாதனை. ஆனால் தேவைப்படும் புள்ளிகளின் எண்ணிக்கை ரெனால்ட்ஸ் எண்ணின் 9/4 அடுக்கு போல ஏறும். ரெனால்ட்ஸ் எண்ணைப் பத்து மடங்கு கூட்டினால் புள்ளிகள் ஏறக்குறைய 180 மடங்கு கூடும். "கம்ப்யூட்டரே போட்டுடுது" என்று சொல்பவர்களிடம் எந்த ரெனால்ட்ஸ் எண்ணுக்கு என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு மாறும்.

இதெல்லாம் வெறும் தண்ணீருக்கு. இதற்குள் குமிழியை விடுங்கள், அப்போதுதான் வேடிக்கை ஆரம்பிக்கிறது.

குமிழி சும்மா மிதந்து போகும் பொருள் இல்லை. மேலே ஏறும்போது தன் பின்னால் ஒரு வாலை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரைக் கலக்குகிறது. 1991இல் லான்ஸ், பட்டாய் என்ற இருவர், ஒரு கம்பி வலை வழியாகத் தண்ணீரை ஓடவிட்டு, அதற்குள் குமிழிகளையும் விட்டு அளந்தார்கள். குமிழி கூடக் கூட அந்தப் பழைய −5/3 சரிவு மறைந்து, −8/3 பக்கம் போனது. குமிழியின் வால் உண்டாக்கும் கலக்கத்துக்குப் பெரியதிலிருந்து சின்னதுக்கு இறங்கி வர நேரமில்லை. பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே செத்துவிடுகிறது. ஆக, டர்புலன்ஸ் பாடத்தில் படித்ததை அப்படியே கொண்டுவந்து குமிழி ஓட்டத்தில் போட முடியாது. போடுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நானும் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கும். நிமிர்ந்த குழாயில் தண்ணீரும் காற்றும் மேலே போகும்போது குமிழிகள் எங்கே இருக்கும்? நடுவில் என்றுதான் எவரும் சொல்வார்கள். 1975இல் ஜப்பானில் செரிசாவா குழுவினர் அளந்தபோது, சின்னக் குமிழிகள் குழாய்ச் சுவரை ஒட்டிக் கூட்டமாகப் போவது தெரிந்தது. கொஞ்சம் பெரிய குமிழி என்றால் சுவரை விட்டு நடுவுக்கு வந்துவிடும். காற்றும் தண்ணீரும் என்றால் அந்தத் திசை மாறும் அளவு சுமார் 5.8 மில்லிமீட்டர் என்று பின்னால் தோமியாமாவின் சோதனைகளிலிருந்து கிடைத்தது. சின்னக் குமிழி உருண்டையாக இருக்கிறது. பெரியது அப்பளம் போலத் தட்டையாகி, அதைச் சுற்றி ஓடும் தண்ணீர் வேறு பக்கம் தள்ளுகிறது. 5 மில்லிமீட்டர் குமிழியும் 7 மில்லிமீட்டர் குமிழியும் கண்ணுக்கு ஒன்றுதான். குழாய்க்குள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. இப்போது இரண்டு 5 மில்லிமீட்டர் குமிழிகள் ஒட்டிக்கொண்டால்? விட்டம் 6.3 ஆகி, சுவரை விட்டு நடுவுக்குப் பயணம். ஒட்டுமா ஒட்டாதா என்பதை இரண்டுக்கும் நடுவே இருக்கும் தண்ணீர்ப் படலம் முடிவு செய்கிறது. அது நானோமீட்டர் கணக்கில் மெலிந்தால்தான் கிழியும். குழாயின் நீளமோ கிலோமீட்டர் கணக்கு. இரண்டையும் ஒரே கணக்கில் பிடிக்கும் கம்ப்யூட்டர் இன்னும் பிறக்கவில்லை.

தண்ணீரில் ஒரு துளி சோப்புத்தூள் கலந்தாலும் எல்லாம் மாறும். சுத்தமான தண்ணீரில் ஒரு மில்லிமீட்டர் குமிழி ஏறும் வேகம், அழுக்குத் தண்ணீரில் பாதியாகிவிடலாம். மேற்பரப்பில் ஒட்டும் அழுக்கு, குமிழியின் தோலை விறைப்பாக்கிவிடும். ஆராய்ச்சிக் கட்டுரையில் "குழாய்த் தண்ணீர் பயன்படுத்தினோம்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தால், எந்த ஊர்க் குழாய் என்று எனக்குக் கேட்கத் தோன்றும்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். பீங்கான் கோப்பையில் சூடான தண்ணீர் ஊற்றி, மிலோவைப் போட்டு நன்றாகக் கலக்குங்கள். கலக்கிய கையோடு கரண்டியால் கோப்பையின் அடியைத் தட்டிக்கொண்டே இருங்கள். முதலில் சத்தம் மந்தமாக, தடித்து வரும். விநாடிகள் போகப் போக ஏறிக்கொண்டே போய்க் கணீரென்று ஆகும். மறுபடி கலக்கினால் மறுபடி இறங்கும். மிலோத் தூளோடு உள்ளே போன நுண்ணிய காற்றுக் குமிழிகள்தான் காரணம். தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும், காற்றில் 340. இரண்டையும் கலந்தால் நடுவில் ஏதோ ஒரு எண் வரும் என்றுதானே நினைப்போம்? நூற்றில் ஒரு பங்கு காற்று கலந்தாலே வேகம் நூற்றுச் சொச்சம் மீட்டருக்கு விழுந்துவிடும். பாதிக்குப் பாதி என்றால் 20 மீட்டரை ஒட்டி வந்து நிற்கும். மிதிவண்டியை வேகமாக மிதித்தால் கிட்ட வந்துவிடலாம்! கலவை தண்ணீர் போலக் கனமாகவும் இருக்கிறது, காற்று போல அமுங்கவும் செய்கிறது. அதனால்தான் இந்த வீழ்ச்சி.

இது விளையாட்டுக்கு மட்டும் இல்லை. குழாயில் ஒரு வால்வை மூடினால் அழுத்த அலை இந்த வேகத்தில்தான் ஓடும். குமிழி எங்கே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் அந்த அலை எப்போது வந்து சேரும் என்று சொல்ல முடியாது.

இனி என் பிழைப்புக்கு வருகிறேன். குழாயில் வாயுவும் திரவமும் சேர்ந்து போகும்போது பல வேடம் போடும். படுத்திருக்கும் குழாயில் மெதுவாக ஓடினால் திரவம் கீழே, வாயு மேலே, சண்டை இல்லை. வாயுவின் வேகம் கூடினால் அலை எழும். அலை குழாயின் உச்சியைத் தொட்டு அடைத்துக்கொண்டால் ஸ்லக், அதாவது திரவக் கட்டி ஒன்று பின்னால் வாயு தள்ளத் தள்ள லோரி போல ஓடிவரும். இன்னும் கூடினால் திரவம் சுவரைச் சுற்றி வளையமாக ஒட்டி, நடுவே வாயு பறக்கும். எந்த வேடம் என்று தெரியாமல் அழுத்த இழப்பைக் கணக்கிட்டால் விடை பல மடங்கு தப்பும். மற்ற எல்லாக் கணக்கையும்விட எனக்கு முதல் கேள்வி இதுதான்: உள்ளே என்ன வேடத்தில் ஓடுகிறது?

ஒரு சமயம், கடலில் இருக்கும் ஓர் எண்ணெய் மேடைக்கு நாங்கள் போட்ட கணக்கு "அமைதியாக அடுக்கடுக்காக ஓடும்" என்றது. ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளில் விடியற்காலை நாலு மணிக்குப் போன் வந்தது. வாயுவையும் திரவத்தையும் பிரிக்கும் பிரிகலனில் திரவ மட்டம் ரம்பப் பல் மாதிரி ஏறி ஏறி இறங்குகிறது, இரண்டு முறை தானாக மூடிக்கொண்டது என்றார்கள். கடல் தரையில் கிடக்கும் குழாய் மேடைக்கு நிமிர்ந்து ஏறும் மூலையில் திரவம் தேங்கி அடைத்துக்கொள்கிறது. பின்னால் வாயு அழுத்தம் சேர்ந்து சேர்ந்து, ஒரு கட்டத்தில் மொத்தத் திரவத்தையும் ஒரே தள்ளாக மேலே தள்ளுகிறது. பிறகு மறுபடி தேங்குகிறது. மேல் வால்வைக் கொஞ்சம் இறுக்கியதும் அடங்கியது, உற்பத்தியும் கொஞ்சம் குறைந்தது. அன்று மேசையில் போட்டுத் தேடியபோதுதான் ஒன்று உறைத்தது: நாங்கள் நம்பிய சூத்திரத்தின் வேர், விரல் தடிமன் குழாய்களில் அளந்தது.

மிகைப்படுத்தவில்லை. இந்தத் துறையில் இன்றும் பாடத்தில் வரும், அழுத்த இழப்பைக் கணக்கிடும் லாக்ஹார்ட்-மார்ட்டினெல்லி சூத்திரம் 1949இல் வந்தது. அதற்குப் பயன்பட்ட குழாய்களின் விட்டம் ஒன்றரை மில்லிமீட்டரிலிருந்து ஏறக்குறைய ஓர் அங்குலம் வரை. பின்னால் வந்தவர்களும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் ஒன்று, இரண்டு அங்குலக் குழாயில் காற்றையும் தண்ணீரையும் விட்டுத்தான் அளந்தார்கள். கடலில் கிடப்பதோ இருபது, முப்பது அங்குலக் குழாய். உள்ளே எண்ணெய், உயர் அழுத்த வாயு. பெரிதாக்கினால் எல்லாம் அதே விகிதத்தில் பெரிதாகாது. தண்ணீர் போத்தலைக் கவிழ்த்தால் 'குளுக் குளுக்' என்று ஒரு தொப்பித் தலைக் குமிழி ஏறுமே, அதற்கு டெய்லர் குமிழி என்று பெயர். 5 சென்டிமீட்டர் குழாயில் அது நொடிக்குச் சுமார் 25 சென்டிமீட்டர் ஏறும், அழகாகக் கணக்கிடலாம். ஆனால் நிமிர்ந்த குழாயின் விட்டம் காற்று-தண்ணீருக்குச் சுமார் 10 சென்டிமீட்டரைத் தாண்டினால் குழாயை அடைக்கும் அந்தக் குமிழியே நிலைக்காது. தலை சிதைந்து உடைந்துவிடும். சின்னக் குழாயில் இருக்கும் ஒரு வேடம் பெரிய குழாயில் இல்லவே இல்லை என்றால், சின்னக் குழாயின் சூத்திரத்தை எதை வைத்து நீட்டுவது?

கோலாலம்பூரில் கனமழை பெய்யும்போது எனக்கு ஸ்மார்ட் சுரங்கம்தான் ஞாபகம் வரும். 9.7 கிலோமீட்டர் நீளம், 13 மீட்டருக்கு மேல் விட்டமுள்ள இயந்திரத்தால் குடைந்தது, 2007இல் திறந்தார்கள். கம்போங் பெரெம்பாங்கில் ஆற்று வெள்ளத்தை வாங்கி, நகரத்துக்கு அடியில் ஓடவிட்டுத் தாமான் டேசா குளத்தில் கொண்டுபோய் விடுகிறது. எல்லாரும் உள்ளே போகும் தண்ணீரைப் பார்க்கிறார்கள். உள்ளே ஏற்கனவே இருந்த காற்று எங்கே போகும்? இந்த மாதிரிச் சுரங்கம் கட்டும் எவரும் அதற்குத் தனியாக வழி வைத்துத்தான் ஆக வேண்டும். அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் மழைநீர்ச் சுரங்கத்தில் மாட்டிய காற்று, மேன்ஹோல் வழியாகத் தண்ணீரைப் பல மீட்டர் உயரத்துக்குப் பீய்ச்சி அடித்திருக்கிறது. காற்றுக்கு வழி விடாவிட்டால் அது தானே வழி செய்துகொள்ளும்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். சால்டர் வாய்ட், அதாவது போர்டில் பாகங்களை ஒட்டும் ஈயப் பற்றில் மாட்டும் வாயுக் குழி, பற்றிக் கேளுங்கள். ரீஃப்ளோ அடுப்பில் சால்டர் பேஸ்ட் உருகும்போது அதில் கலந்திருக்கும் ஃப்ளக்ஸ் வாயுவாகும். வெளியே வர முடியாமல் உருகிய சால்டருக்குள் மாட்டிக்கொண்டால் எக்ஸ்ரேயில் பொட்டுப் பொட்டாகத் தெரியும். அந்தப் பொட்டுக்காகப் போர்டைத் தூக்கி எறிந்த கதை பாயான் லெப்பாஸில் வேலை செய்த எவருக்கும் தெரிந்திருக்கும். திரவத்துக்குள் வாயு, அதை வெளியே விடாத பரப்பு இழுவிசை: உங்கள் தலைப்பேதான். நம் துறையிலும் வாயு அடைத்திருக்கும் பங்குக்குப் பெயர் வாய்ட் ஃப்ராக்‌ஷன்.

எந்தத் தலைப்பு என்று கேட்டீர்கள். கணக்கில் ஊறி, சமன்பாட்டோடு வாழ ஆசை என்றால் முதல் தலைப்பு நல்லது. ஆனால் அந்தக் களத்தில் கூட்டம் அதிகம், பெரிய கணினிகள் வைத்திருப்பவர்கள் முன்னால் ஓடுகிறார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டாவதை எடுப்பேன், அதிலும் அளக்கும் வேலையை. கணிப்பு முறைகளுக்குக் குறைவில்லை. 1975இல் இஷி எழுதிய இரு-பாய்ம மாதிரி, 1981இல் ஹிர்ட்டும் நிக்கோல்ஸும் கொடுத்த, வாயு-திரவ எல்லையைப் பின்தொடரும் வி.ஓ.எஃப். முறை எல்லாம் மென்பொருளில் பொத்தானாகவே வந்துவிட்டன. பொத்தானை அழுத்தினால் வண்ணப்படம் வரும். சரியா என்று ஒப்பிடப் பெரிய குழாயில் அளந்த தரவுக்குத்தான் பஞ்சம்.

அளக்கும் கருவிகளும் இப்போது நன்றாக இருக்கின்றன. 1998 வாக்கில் ஜெர்மனியின் டிரெஸ்டன் பக்கம் பிராஸர் குழு உருவாக்கிய கம்பிவலை உணரி, குழாயின் குறுக்கே மெல்லிய கம்பிகளைப் பின்னி, ஒவ்வொரு சந்திப்பிலும் இருப்பது வாயுவா திரவமா என்று நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை சொல்கிறது. குமிழியைக் கம்பி கிழிக்கிறதே என்று சண்டை போடுபவர்களும் உண்டு, அந்தச் சண்டையும் நியாயமானதுதான்.

வேலை பற்றிக் கவலை வேண்டாம். இந்தத் துறைக்கு ஆரம்பத்தில் பணம் கொடுத்தது அணு உலைகள், பிறகு எண்ணெய். இப்போது கரியமில வாயுவைக் குழாயில் அனுப்பிக் கடலுக்கு அடியில் புதைக்கப் போகிறார்கள். சரவாக் கடலில் அப்படிப் புதைக்கும் கசவாரி திட்டத்துக்கு மலேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் 2022இல் முடிவெடுத்தது. கரியமில வாயு கொஞ்சம் அழுத்தம் குறைந்தாலே குழாய்க்குள் திரவமும் வாயுவுமாகப் பிரிந்துகொள்ளும் ஆசாமி. உங்களைத் தேடுவார்கள்.

மேற்பார்வையாளரைப் பார்க்கப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். குழாயின் விட்டம் எவ்வளவு? காற்று-தண்ணீர் தவிர வேறு திரவம் உண்டா? குழாயில் ஓட்டத்தைக் கண்ணால் பார்க்கக் கண்ணாடிப் பகுதி இருக்கிறதா? மூன்றாவதுக்கு "தேவையில்லை, சென்சார் இருக்கு" என்று பதில் வந்தால் இன்னொரு முறை யோசியுங்கள்.

மிலோவுக்குப் பீங்கான் கோப்பைதான் எடுக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் சத்தம் சரியாகக் கேட்காது. பாலை முதலிலேயே ஊற்றிவிடாதீர்கள். நுரை கட்டிக்கொண்டால் சத்தம் ஏறுவது தெளிவாகத் தெரியாது. அப்பாவையே தட்டச் சொல்லுங்கள்.